ஆனைக்கோட்டை முத்திரை

துட்டகைமுனு மன்னன் பட்டத்துக்கு வருமுன் கொத்மலையில் மறைந்து வாழ்ந்தான் என்பது வழிவழி வந்த செய்தி. அரசருக்கு நூலும் கதையும் உண்டு. ஏறக்குறைய அக்காலத்தை ஒட்டி ஈழத்தின் வடகோடியில் வாழ்ந்த குடிமக்களைப் பற்றியோ, மண்ணைத்தான் கேட்டறிய வேண்டியிருக்கிறது.

யாழ்ப்பாண நகரையடுத்த ஆனைக்கோட்டையில் 1980ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது பழைய ஈமக்குழி ஒன்று வெளிப்பட்டது. அதில் மனித எலும்புக்கூடு. அருகே கறுப்புச் சிவப்பு மட்கலங்கள். அவற்றோடு சிறியதொரு முத்திரை. முத்திரையில் இரண்டு வரிகள். மேல்வரியில் இருப்பவை குறியீடுகள். கீழ்வரி பிராமி எழுத்து. அதனைக் ‘கோவேத’ என்று படிப்பர். ‘கோ’ என்பது தலைவனைக் குறிக்கும் என்பர். ஒரே பெயரையே இருவகையாகப் பொறித்தனரோ எனக் கருதுவாரும் உளர். கி.மு. 3ஆம் நூற்றாண்டளவில் எழுத்தும், பெயர் பொறிக்கத்தக்க தலைமையும் அங்கே இருந்தன என்பதற்கு இந்தச் சிறு பொருள் சான்று.

அப்படியானால் அவர்கள் யார்? இவ்விடத்தில்தான் வழக்காடுவோர் இருபக்கமும் அவசரப்படுகின்றனர். மட்கலம் வனைந்தவன் வீட்டில் பேசிய மொழியை மட்கலம் கூறாது. அது கூறுவது தொடர்பையே. புத்தளத்துக்கு வடக்கேயுள்ள பொம்பரிப்பில் கிடைத்த ஈமத்தாழிகள் தாமிரபரணிக் கரையின் ஆதிச்சநல்லூர்த் தாழிகளை ஒத்தவை. கந்தரோடையிலும் அதே கறுப்புச் சிவப்பு மட்கலங்கள் கிடைத்தன. கொத்மலையிலிருந்து அநுராதபுரம் செல்வோர் கடக்கும் தம்புள்ளைக்கு அருகே, இப்பன்கட்டுவையில், கற்பலகைகளைப் பெட்டிபோல் நிறுத்திய கல்லறைகள் இன்றும் இருக்கின்றன. அவற்றினுள்ளும் இறந்தோருக்கெனக் கலங்களும் மணிகளும் வைத்திருந்தார்கள்.