திறன்சார் சிறப்பு மருத்துவப் பயிற்சி

திறன்சார் சிறப்பு மருத்துவப் பயிற்சி என்பது, மருத்துவப் பட்டம் பெற்ற ஒருவர் குறிப்பிட்ட துறையில் சிறப்பு மருத்துவராவதற்குப் பெறும் பயிற்சியை, அதில் கழித்த ஆண்டுகளைக் கொண்டு அல்லாமல், அவர் அடைந்த திறன்களைக் கொண்டு அளவிடும் கல்வி முறை ஆகும். விரைவில் தேர்ச்சி பெறுபவர் முன்னதாகவே அடுத்த கட்டத்துக்குச் செல்லலாம். கூடுதல் பயிற்சி தேவைப்படுபவருக்குக் காலம் நீட்டிக்கப்படும். இம்முறையை நாடளாவிய அளவில் செயற்படுத்திய நாடுகளுள் கனடாவும் ஒன்று.

வரலாறு

1889 இல் ஐக்கிய அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை திறக்கப்பட்டது. அங்கு வில்லியம் ஹால்ஸ்டெட் உருவாக்கிய அறுவை மருத்துவப் பயிற்சிக்கு நிலையான கால எல்லை இருக்கவில்லை. ஒருவர் எப்போது அடுத்த நிலைக்கு உயரலாம் என்பதை ஹால்ஸ்டெட்டே முடிவு செய்தார். பயிற்சியைத் தொடங்கியோர் பலர். இறுதி நிலையை எட்டியோர் சிலரே.

20 ஆம் நூற்றாண்டில் பயிற்சிக் காலம் துறைவாரியாக வரையறுக்கப்பட்டது. இது பயிற்சி மருத்துவர்களைத் தனியொருவரின் விருப்பு வெறுப்பிலிருந்து காத்தது எனலாம். எனினும், ஒரே கால அளவு அனைவரையும் ஒரே திறனுக்குக் கொண்டு சேர்க்கும் என்ற எடுகோளும் உடன் வந்தது. அது தவறும்போது பாதிக்கப்படுபவர் நோயாளியே.

1996 இல் கனடாவின் மருத்துவர், அறுவை மருத்துவர்களுக்கான அரச கல்லூரி 'கான்மெட்ஸ்' என்னும் சட்டகத்தை ஏற்றது. மருத்துவ வல்லுநர், தொடர்பாளர், கூட்டாகப் பணிபுரிபவர் உள்ளிட்ட ஏழு பங்குகளை இது வரையறுத்தது. 2005 இல் நெதர்லாந்தின் ஒல்லே டென் காட்டே, மேற்பார்வையின்றி நம்பி ஒப்படைக்கத்தக்க பணிகள் என்ற கருத்துருவை முன்வைத்தார். 2009 இல் டொராண்டோ பல்கலைக்கழகம் எலும்பு அறுவை மருத்துவத்தில் திறன்சார் பயிற்சியைச் சோதனை முயற்சியாகத் தொடங்கியது. ஐந்தாண்டுப் பயிற்சியைச் சிலர் நான்கு ஆண்டுகளில் நிறைவு செய்தனர்.

செயல்முறை

அரச கல்லூரியின் 'காம்பிட்டன்ஸ் பை டிசைன்' திட்டம் 2017 சூலையில் மயக்கவியல், காது மூக்கு தொண்டை அறுவை மருத்துவம் ஆகிய துறைகளில் தொடங்கிப் படிப்படியாக விரிவாக்கப்பட்டது. இதில் நான்கு கட்டங்கள் உள்ளன:

1. துறைக்குள் நுழைதல்
2. துறையின் அடித்தளம்
3. துறையின் மையப் பயிற்சி
4. தனித் தொழிலுக்கு மாறுதல்

ஒவ்வொரு கட்டத்துக்கும் உரிய பணிகளைப் பயிற்சி மருத்துவர் செய்யும்போது மூத்த மருத்துவர்கள் நேரில் கண்டு பதிவு செய்வர். இப்பதிவுகளைத் திறன் மதிப்பீட்டுக் குழு ஒன்று கூடி ஆராய்ந்து, அவர் அடுத்த கட்டத்துக்குத் தகுதியானவரா என முடிவு செய்யும். ஹால்ஸ்டெட் முறையில் ஒருவரிடம் இருந்த அதிகாரம் இங்கே சான்றுகளின் அடிப்படையில் ஒரு குழுவிடம் உள்ளது.

சிக்கல்கள்

பயிற்சி மருத்துவர்கள் மாணவர்கள் மட்டுமல்லர். இரவுப் பணி, அவசரப் பிரிவு முதலியவற்றைத் தாங்கும் பணியாளர்களும் ஆவர். ஒருவர் முன்னதாக வெளியேறினால் பணி அட்டவணையில் வெற்றிடம் உண்டாகும். ஒருவர் நீடித்தால் அவருக்கான ஊதியத்தைக் கண்டறிய வேண்டும். எனவே கனடாவின் திட்டம் கால அளவை முற்றாகக் கைவிடாத கலப்பு முறையாகவே அமைந்தது.

மதிப்பீடுகளின் எண்ணிக்கை சுமையாகிறது என்பது மற்றொரு விமர்சனம். படிவங்களை நிரப்புவதே நோக்கமானால், ஆண்டுகளை எண்ணிய பழைய முறையின் இடத்தைப் படிவங்களை எண்ணும் முறை பிடித்துக்கொள்ளும். அருகிலிருந்து கவனிக்கவும் குறைகளைச் சுட்டித் திருத்தவும் மூத்த மருத்துவர்களுக்கு நேரம் ஒதுக்கப்படுவதிலேயே இம்முறையின் பயன் தங்கியுள்ளது.