வெளியேற்றக் குழாய் மாற்றமும் முறுக்குவிசையும்

கம்பெனி பொருத்தித் தந்த சைலன்சரையும் அதற்கு முந்தைய குழாய்களையும் கழற்றிவிட்டு, வேறு அளவில் செய்தவற்றை மாட்டுவதே வெளியேற்றக் குழாய் மாற்றம். இப்படிச் செய்தால் வண்டியின் முறுக்குவிசை கூடும் என்று பரவலாக நம்பப்படுகிறது. டர்போ இல்லாத எஞ்சின்களில் கிடைக்கும் கூடுதல் சொற்பம்தான். பெரும்பாலும் முறுக்குவிசை ஓர் ஆர்பிஎம்மிலிருந்து (நிமிடத்துக்கு எத்தனை சுழற்சி என்ற கணக்கு) இன்னொன்றுக்கு இடம் பெயர்கிறது, அவ்வளவே.

புகை வால்வு திறந்ததும் ஓர் அழுத்த அலை குழாய்க்குள் பாய்ந்து, குழாய் விரியும் இடத்தில் உறிஞ்சும் அலையாகத் திரும்பி வருகிறது. உள்வால்வும் புகை வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் கணத்தில் அது வந்து சேர்ந்தால், சிலிண்டரில் தங்கிய புகையை வெளியே இழுத்துப் புதுக் கலவைக்கு இடம் தரும். அலை போய்வரும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். எஞ்சினின் வேகமோ மாறிக்கொண்டே இருக்கிறது. ஆகவே ஒரு குழாய் சில ஆர்பிஎம்களில்தான் கைகொடுக்கும். நீண்டு ஒடுங்கியது கீழ் வேகத்துக்கு, குட்டையாக அகன்றது மேல் வேகத்துக்கு. “பேக் பிரஷர் (குழாயின் எதிரழுத்தம்) போனால் இழுவை போய்விடும்” என்று மெக்கானிக்குகள் சொல்வதுண்டு. இழுவை போவது உண்மை. ஆனால் அதற்குக் காரணம், அகன்ற குழாயில் புகையின் ஓட்டம் தளர்ந்து அலை வரும் நேரம் தப்புவது.

இந்த அலையை முழுமையாக வசப்படுத்தியவர் கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் நிறுவனப் பொறியாளர் வால்ட்டர் காடன். அவருடைய டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் புகை வால்வு கிடையாது. அந்த வேலையில் பாதியைக் குழாயே செய்தாக வேண்டும். அவர் குழாயை முதலில் விரித்து, பிறகு சுருக்கினார். விரியும் பகுதி புகையை இழுத்தது. சுருங்கும் பகுதி, வெளியே நழுவிய புதுக் கலவையை மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளியது. 1961-ல் அவருடைய 125 சிசி எஞ்சின் 25 குதிரைத்திறனை எட்டியது. அதே ஆண்டு அவருடைய பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் சுசூகி பக்கம் போக, நுட்பமும் ஜப்பானுக்குப் போயிற்று.

புகை வழியின் பங்கை இந்தியச் சாலைகளில் தெளிவாகக் காட்டிய வண்டி எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தின் ராஜ்தூத் 350. 1983-ல் வந்தது. ‘ஹை டார்க்’ வகைக்கு 30.5 குதிரைத்திறன், பெட்ரோலை மிச்சப்படுத்த வெளியேற்ற வழியை இறுக்கிச் செய்த ‘லோ டார்க்’ வகைக்குச் சுமார் 27. எஞ்சினின் கொள்ளளவில் மாற்றமில்லை. புகை போகும் வழி எஞ்சினின் குணத்தையே மாற்றும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி நம் நாட்டில் இல்லை. 1985-ல் வந்த ஆர்எக்ஸ் 100 பைக்கின் 98 சிசி எஞ்சினும் காடனின் இதே அலைத் தத்துவத்தில் இயங்கியதுதான்.

தமிழகத்தில் குழாயை மாற்றிப் பார்க்கும் இந்தக் கலைக்குக் களம் தந்தது, இரண்டாம் உலகப்போர்க் காலத்து சோழவரம் விமான ஓடுதளம். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல்லாண்டுகள் அங்கே பந்தயம் நடத்தி, 1990-ல் இருங்காட்டுக்கோட்டைக்கு மாறியது. கோவையின் கரிவரதன் மாருதி 800-ன் 796 சிசி எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். அந்த மூன்று சிலிண்டர் எஞ்சினில் 240 பாகைக்கு ஒருமுறை எரிப்பு நிகழ்வதால் ஒரு சிலிண்டரின் புகை மற்றொன்றின் வழியில் அதிகம் குறுக்கிடாது. மூன்று குழாய்களை ஒன்றாகச் சேர்ப்பது எளிது. நான்கு சிலிண்டரில் இது சிக்கல். அதனால்தான் முதலில் இரண்டிரண்டாகச் சேர்த்துப் பிறகு ஒன்றாக்கும் முறை வந்தது. நடு ஆர்பிஎம்மில் இழுவையைக் காப்பது அது.

பந்தயத் தடத்தில் எஞ்சின் மேல் வேகத்திலேயே சுழல்கிறது. சக்தி என்பது முறுக்குவிசையையும் சுழல்வேகத்தையும் பெருக்கி வரும் தொகை. எனவே அங்கே மேலே நகர்ந்த முறுக்குவிசை லாபம். சுரண்டையிலிருந்து தென்காசி, செங்கோட்டை வழியாகக் கேரளம் போகிறவருக்குக் கணக்கு வேறு. புளியரை ‘எஸ்’ வளைவில் பாரம் ஏற்றிய லாரி ஊர்ந்து ஏறும். பின்னால் வரும் கார் 2,000 ஆர்பிஎம்மை ஒட்டியே நிற்கும். அகன்ற குழாய் மாட்டிய காரில் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் சத்தம் உடனே வரும், இழுவை வராது; கியரைக் குறைத்தாக வேண்டும். காது சொல்வதை நம்பக் கூடாது, டைனோவில் (முறுக்குவிசையை அளக்கும் கருவி) முழு ஆர்பிஎம் வரம்புக்கும் வரைந்த கோட்டைத்தான் பார்க்க வேண்டும்.

டர்போ எஞ்சினில் நிலைமை மாறுகிறது. டர்பைனுக்குப் பின்னால் தடை குறையக் குறைய அது விரைவாகச் சுழன்றெழும். கீழ் ஆர்பிஎம்மிலேயே முறுக்குவிசை கூடும். ஆனால் பல புதிய கார்களில் எஞ்சினை ஆளும் கணினியான இசியூ முறுக்குவிசைக்கு வரம்பு கட்டியிருப்பதால், அதன் நிரலையும் திருத்தாமல் முழுப் பலன் தெரியாது. தடையைக் குறைக்கக் கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் நீக்கினால் நச்சுப் புகை சுத்திகரிக்கப்படாமல் வெளியேறும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவு தயாரிப்பாளர் வகுத்த அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 120-ஆவது விதி சைலன்சரைக் கட்டாயமாக்குகிறது. புகை, ஒலி வரம்பை மீறினால் 190(2) பிரிவின்படி முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ விதிக்கலாம்.