யார் முதலில் அழுத்தியது? பெரட்டுத் தப்பு முதல் பஸர் பொத்தான் வரை

 

கொஞ்சம் நீண்ட பதிவு இது. ஒரு பிளேன்டீயை ஊற்றிக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள். முடிவில் நான் கேட்கவேண்டிய மன்னிப்பு ஒன்றும் இருக்கிறது.

போன தவணை எங்கள் பாடசாலையில் இல்லங்களுக்கிடையே பொது அறிவுப் போட்டி நடந்தது. நான்கு இல்லங்கள், நான்கு பொத்தான்கள், நான்கு விளக்குகள். யார் முதலில் அழுத்துகிறாரோ அவருடைய விளக்கு எரியும். ஆடுயினோ ஊனோ பலகை ஒன்றை வைத்து அந்தப் பஸரை நானும் சில மாணவர்களும் சேர்ந்து செய்தோம். புரோகிராம் முழுக்க என்னுடையது.

கடைசிக் கேள்வி. இரண்டு இல்லங்கள் சமபுள்ளியில் நிற்கின்றன. லயத்திலிருந்து தினமும் மூன்று கட்டை நடந்து வரும் ஒரு மாணவி கேள்வி முடிந்த உடனே பொத்தானைத் தட்டியதை நானே கண்ணால் கண்டேன். ஆனால் விளக்கு எரியவில்லை. ஒரு கணம் கழித்து மற்ற இல்லத்தின் விளக்கு எரிந்தது.

"சேர், நான்தான் முதல்ல அமுக்குனேன்" என்றாள்.

"மெஷின் பொய் சொல்லாது மகள், இருங்க" என்றேன்.

அவள் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டாள். கிண்ணம் மற்ற இல்லத்துக்குப் போனது.

அன்றிரவு மனம் கேட்காமல் புரோகிராமைத் திறந்து பார்த்தேன். மெஷின் பொய் சொல்லவில்லை என்பது சரிதான். ஆனால் அவள் அழுத்திய நேரத்தில் அது அவள் பக்கம் பார்க்கவே இல்லை. ஏன் என்று விளங்கப்படுத்த, ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும்.

*

ஒருவர் நம்மை அழைக்கிறாரா என்று அறிய இரண்டு வழிதான் உண்டு. ஒன்று, நாமே ஒவ்வொரு வாசலாகப் போய் "யாராவது இருக்கிறீர்களா, ஏதாவது வேண்டுமா" என்று கேட்டுக்கொண்டு வருவது. கணினிக்காரர்கள் இதைப் போலிங் என்கிறார்கள். மற்றது, நாம் நம் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பது. தேவை உள்ளவர் மணியை அடித்தால் கையிலிருப்பதை வைத்துவிட்டுப் போய்ப் பார்ப்பது. இதற்குப் பெயர் இன்டரப்ட். குறுக்கிட்டு அழைப்பது.

நம் தோட்டங்களில் இந்த இரண்டுமே இருந்தன. விடியுமுன் பெரட்டுத் தப்பு அடிக்கும். தூக்கத்தில் இருந்தாலும் அடுப்படியில் இருந்தாலும் அந்தச் சத்தம் எல்லா வேலையையும் நிறுத்தி ஆளைக் கிளப்பிவிடும். அது இன்டரப்ட். ஆனால் தப்பு அடித்ததோடு வேலை முடிந்துவிடாது. பெரட்டுக்களத்தில் வரிசையாக நிற்கவைத்து ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டு, யார் வந்தது, யார் வரவில்லை என்று செக்ரோலில் பதிவார்கள். அது போலிங். தப்பு எழுப்பும், யார் என்று அறிய ஒவ்வொருவராகப் பார்க்கத்தான் வேண்டும். இந்த ஒன்றை நினைவில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

நம் ரயில் பாதையிலும் இதே கதைதான். 1884இல் ஹட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் பாதை வந்தது. பதுளையை அடைந்தது 1924இல். மலையைக் குடைந்து போட்ட ஒற்றைப் பாதை. சிங்கமலை சுரங்கத்துக்குள் இரண்டு பக்கமும் இருந்து இரண்டு கோச்சி நுழைந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அதற்காகத்தான் டெப்லட் முறை. ஸ்டேஷனில் நிற்காமல் போகும் கோச்சியின் டிரைவருக்குப் பெரிய வளையம் ஒன்றைக் கைமாற்றுவதைச் சிறு வயதில் வாய் பிளந்து பார்த்திருப்போமே, அதுதான். இங்கிலாந்தில் 1874இல் தோர்ப் என்ற ஊரில், ஒற்றைப் பாதையில் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதிப் பலர் இறந்தார்கள். அதன் பிறகு எட்வர்ட் டையர் என்பவர் 1878இல் உரிமம் பெற்ற கருவி அது.

அதில் ஸ்டேஷன் மாஸ்டர் நாள் முழுக்கக் கருவியையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. டிக்கட் கொடுக்கலாம், கணக்கு எழுதலாம். அடுத்த ஸ்டேஷனில் இருந்து மணி அடிக்கும். அடித்ததும் மற்ற வேலையை நிறுத்திவிட்டுப் பாதை காலியா என்று பார்த்துப் பதில் மணி அடிப்பார். இரண்டு பக்கமும் சம்மதித்தால்தான் ஒரு டெப்லட் வெளியே வரும். ஒன்று வெளியே இருக்கும்வரை இன்னொன்று வராது. மணி அழைப்பது ஒரு வேலை, சரிபார்ப்பது இன்னொரு வேலை. இரண்டும் சேர்ந்துதான் உயிர்களைக் காத்தன.

*

இனி கணினிக்கு வருவோம்.

ஆரம்பகாலக் கணினிகள் போலிங் முறையில்தான் ஓடின. டைப்ரைட்டருக்கு ஒரு எழுத்தை அனுப்பிவிட்டு "முடிந்ததா, முடிந்ததா" என்று கேட்டுக்கொண்டே நின்றன. டைப்ரைட்டர் ஒரு எழுத்தை அடிக்கும் நேரத்தில் கணினி எத்தனையோ கணக்குகளைச் செய்திருக்கலாம். அந்தக் காலத்துக் கணினியின் விலைக்கு இது பெரிய வீண்செலவு.

1954இல் அமெரிக்காவின் தேசிய நியமங்கள் பணியகம் செய்த டைசியாக் என்ற கணினியில், வெளிச் சாதனம் ஒன்று கணினியைக் குறுக்கிட்டு அழைக்கும் வசதி வந்தது. கொஞ்ச காலத்தில் யூனிவாக் 1103 வகைக் கணினி ஒன்றிலும் இது சேர்க்கப்பட்டது. விமானங்களைச் சோதிக்கும் காற்றுச் சுரங்கங்களில் இருந்து அளவீடுகள் எந்த நேரத்தில் வரும் என்று சொல்ல முடியாது. வராத நேரத்தில் கணினி வேறு கணக்கைப் பார்க்கும். வந்தால் அதை நிறுத்திவிட்டு அளவீட்டை வாங்கிக்கொள்ளும்.

எல்லோரும் இதைக் கையெடுத்து வரவேற்கவில்லை. நெதர்லாந்தில் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்ற இளைஞர் இருந்தார். கணினித் துறையில் பின்னர் பெரிய பெயர் எடுத்தவர். 1950களின் இறுதியில், எலக்ட்ரோலொஜிகா எக்ஸ்1 கணினியில் இன்டரப்ட் வைப்போம் என்று அவருடைய சகாக்களான லூப்ஸ்ட்ராவும் ஸ்கோல்டனும் சொன்னபோது அவர் பயந்துபோனார். காரணம் நியாயமானது. இன்டரப்ட் எந்த நொடியிலும் வரலாம். ஒரு கணக்கின் நடுவில் வந்து பிழை நடந்தால், அதே பிழையைத் திரும்ப வரவழைத்துப் பார்க்க முடியாது. திரும்ப வராத பிழையை எப்படித் திருத்துவது? கடைசியில் அவர் இணங்கினார். குறுக்கிடும் நேரத்தில் கணினி கையில் வைத்திருந்ததை எல்லாம் பத்திரமாக எடுத்துவைத்து, பிறகு இருந்தபடியே திருப்பிக் கொடுக்கும் முறையை ஆராய்ந்து எழுதினார். 1959இல் அவர் கலாநிதிப் பட்டம் பெற்ற ஆய்வு அதைப் பற்றியதே.

பிறகு சில்லுகளின் காலம். 1971இல் இன்டெல் வெளியிட்ட 4004 சில்லு, ஜப்பானின் பிசிகொம் கம்பனியின் கல்குலேட்டருக்காகத் தொடங்கியது. அதில் இன்டரப்ட் கிடையாது. 1974இல் வந்த 4040இல்தான் அந்த வசதி சேர்ந்தது. அதே 1974இல் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் விற்பனைக்கு விட்ட டிஎம்எஸ்1000 மைக்ரோகொன்ட்ரோலரிலும் இன்டரப்ட் இல்லை. அப்படி இருந்தும் கல்குலேட்டர்களில் அது அருமையாக வேலை செய்தது. வரிசை வரிசையாகப் பொத்தான்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டே இருக்கும். விரல் அழுத்தும் வேகத்தைவிடச் சில்லு சுற்றும் வேகம் பல மடங்கு அதிகம். ஆகவே ஒரு அழுத்தமும் தப்பாது.

இங்கேதான் என் தலையில் குட்டு விழுந்தது. போலிங் என்பது பழைய, மட்டமான முறை, அதனால்தான் அந்தப் பிள்ளை தோற்றாள் என்று முதலில் நினைத்தேன். அது பிழை. போலிங்கில் குற்றம் இல்லை. சுற்றி வரவேண்டியவன் நடுவழியில் நின்றதுதான் குற்றம்.

*

நான் செய்தது இதுதான். திரையில் பத்து, ஒன்பது, எட்டு என்று நேரம் குறைவதைக் காட்ட, ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு செக்கன் சும்மா நில் என்று புரோகிராமில் எழுதியிருந்தேன். அந்த ஒரு செக்கனும் பலகை பொத்தான்களைப் பார்க்காது. அதாவது செக்கனுக்கு ஒரு முறைதான் கண் திறக்கும். படக்கென்று தட்டிவிட்டுக் கையை எடுத்தால் அந்த அழுத்தம் ஏறத்தாழ பத்தில் ஒரு செக்கன் இருக்கும். அது கண்ணில் படுவதற்குப் பத்தில் ஒரு வாய்ப்பு. அவள் தட்டிவிட்டுக் கையை எடுத்தாள். மற்றவன் பிந்தி அழுத்தி, அழுத்தியபடியே வைத்திருந்தான். கண் திறந்தபோது தெரிந்தது அவன் மட்டும்தான்.

ஊனோ பலகையின் சில்லு செக்கனுக்கு 1 கோடியே 60 லட்சம் துடிப்பில் ஓடுவது. அதைக் கொண்டுவந்து செக்கனுக்கு ஒரு தரம் பார்க்கவைத்தவன் நான்.

அடுத்த நாள் ஒரு மாணவன், "சேர், இன்டரப்ட் போட்டா சரியாகிடும்தானே" என்றான். நல்ல கேள்வி. செய்து பார்த்தோம். மூன்று சிக்கல்கள் வந்தன.

முதலாவது, துள்ளல். பொத்தானுக்குள் இரண்டு உலோகத் துண்டுகள் தொடும்போது ஒரேயடியாக ஒட்டுவதில்லை. தரையில் விழுந்த பந்துபோல் சில மில்லிசெக்கன் துள்ளித்தான் அடங்கும். நம் கண்ணுக்கு ஒரு அழுத்தம். சில்லுக்கோ பல அழைப்புகள். பிள்ளை ஒரு தரம் அழுத்த, கணக்கில் ஐந்து என்று விழுந்தது.

இரண்டாவது, ஊனோவில் தனித்தனி வெளி இன்டரப்டுக்கு இரண்டே இரண்டு முனைகள்தான்: 2ஆம், 3ஆம் இலக்கங்கள். எங்களுக்கோ நான்கு இல்லங்கள். மற்ற முனைகளுக்கும் ஒரு வகை இன்டரப்ட் உண்டு. ஆனால் அது ஒரு தொகுதி முனைகளுக்குப் பொதுவானது. "யாரோ அழைத்தார்" என்று சொல்லும், யார் என்று சொல்லாது. யார் என்று அறிய ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். தப்பு அடித்த பிறகு பேர் கூப்பிடுவது போல.

மூன்றாவதுதான் என்னை அதிகம் யோசிக்கவைத்தது. 2ஆம் முனையும் 3ஆம் முனையும் ஒன்றாகக் காத்திருந்தால் சில்லு எப்போதும் 2ஆம் முனைக்கே முதலிடம் கொடுக்கும். அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். ஆக, சமநிலை வந்தால் 2ஆம் முனையில் இணைத்த இல்லத்துக்கு வெற்றி. போலிங்கிலும் இது உண்டு. புரோகிராமில் எந்த இல்லத்தை முதலில் பார்க்க எழுதினேனோ, சமநிலையில் அதற்கே வாய்ப்பு. யாருக்கும் தெரியாமல், நான்கூட நினைக்காமல், கம்பி கோத்த வரிசையில் ஒரு பாரபட்சம் உட்கார்ந்திருந்தது.

கடைசியில் நாங்கள் செய்தது மிக எளிமையானது. சும்மா நிற்கும் கட்டளையை எடுத்துவிட்டோம். நேரம் காட்டுவதற்குச் சில்லின் உள் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்கிறோம். நான்கு பொத்தான்களையும் 4 முதல் 7 வரையான முனைகளில் இணைத்து, ஒவ்வொரு மில்லிசெக்கனும் நான்கையும் ஒரே பார்வையில் ஒன்றாக வாசிக்கிறோம். முதல் தொடுகை கிடைத்ததும் முடிவு பூட்டப்படுவதால் பின்னால் வரும் துள்ளல் ஒன்றும் செய்யாது. ஒரே மில்லிசெக்கனில் இருவர் அழுத்தியிருந்தால் இரண்டு விளக்கும் எரியும், புதுக் கேள்வி கேட்கப்படும். இந்த விதியைப் போட்டி தொடங்க முன்பே சபையில் வாசிப்போம்.

அப்படியென்றால் இன்டரப்ட் வேண்டாமா? வேண்டும். உங்கள் வீட்டு டீவி ரிமோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு சின்ன பெட்டரியில் மாதக்கணக்கில் ஓடுகிறதே, எப்படி? அது பெரும்பாலும் தூங்கிக்கொண்டே இருக்கிறது. நீங்கள் அழுத்தும்போது ஒரு இன்டரப்ட் எழுப்புகிறது. எழுந்த பிறகு எந்தப் பொத்தான் என்று வரிசை வரிசையாகப் பார்க்கிறது. பெரட்டுத் தப்பும் செக்ரோலும் மறுபடி. தூங்க வேண்டியதற்கும், கண்மூடித் திறப்பதற்குள் வந்து போகும் சமிக்ஞைகளுக்கும் இன்டரப்ட். விழித்திருக்கும் சில்லில் மனித விரலைப் பார்ப்பதற்கு, நிற்காமல் சுற்றும் போலிங்கே பல நேரம் போதும். உயர்தரத்தில் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகள் செயற்றிட்டம் செய்யும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

*

இனி அந்த மன்னிப்பு.

திருத்திய பஸரோடு காலைக் கூட்டத்தில் நின்று நடந்ததைச் சொன்னேன். "மெஷின் பொய் சொல்லாது என்று நான் சொன்னது பிழை. மெஷின் பார்க்கவில்லை. பார்க்காதபடி எழுதியது நான். இந்தப் பிள்ளைதான் முதலில் அழுத்தினாள்" என்றேன். கிண்ணத்தை இரண்டு இல்லங்களும் ஆளுக்கு ஒரு தவணை வைத்திருப்பது என்று முடிவானது. அவள் சிரித்துவிட்டு, "பரவாயில்ல சேர், கோட் எப்படி எழுதுறதுன்னு எனக்குச் சொல்லித் தாங்க" என்றாள். இப்போது பாடசாலை விட்டதும் அரை மணித்தியாலம் படிக்கிறாள்.

மெஷினின் பேரைச் சொல்லி முடிவெடுக்கும் காலம் வந்துவிட்டது. வரிசை நம்பர், ஒன்லைன் விண்ணப்பம், எல்லாவற்றிலும் "சிஸ்டத்தில் உங்கள் பேர் இல்லை" என்று சொல்கிறார்கள். உங்கள் பிள்ளை "நான் அழுத்தினேன்" என்று சொன்னால், மெஷினை நம்புவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: அந்த நேரம் அது இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்ததா?

பெரட்டுத் தப்பு கேட்டு எழும்பிய பெரியவர்கள், ஸ்டேஷனில் டெப்லட் மணி கேட்ட ரயில்வே குடும்பத்தார் யாராவது இதை வாசித்தால், உங்கள் நினைவுகளைக் கீழே எழுதுங்கள். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவேன், இன்ஷா அல்லாஹ்.