இரு அகதிகளும் ஓர் ஆறும்

இயற்கையைப் படம் பிடிப்பது ஓய்வு நேரம் உள்ளவர்களின் பொழுதுபோக்கு என்றே நம்மில் பலர் கருதுகின்றோம். மலையையும் அருவியையும் கமராவில் பதிவுசெய்பவரைக் கலைஞர் என ஏற்றுக்கொள்பவர்கள்கூட, ஒரு நாட்டின் அரசியலோடு அவருக்கு என்ன தொடர்பு இருக்கமுடியும் என்று கேட்பார்கள். அவுஸ்திரேலியாவின் தென்கோடியிலுள்ள தஸ்மேனியாத் தீவில் கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் நிகழ்ந்தவை இக்கேள்விக்கு விடையளிக்கின்றன. அந்த வரலாற்றின் முக்கிய பாத்திரங்களான இருவருமே அம்மண்ணில் பிறந்தவர்கள் அல்லர். இரண்டாம் உலகப் போரினால் நாடிழந்து, அகதிகளாக அங்கு கரையேறியவர்கள். புலம்பெயர்ந்து வாழும் தமிழ் வாசகர்களுக்கு இவர்களின் கதை அந்நியமாகத் தோன்றாது.

முதலாமவர் ஒலெகாஸ் ட்ருஷானாஸ். 1923 இல் லிதுவேனியாவில் பிறந்தவர். போரின் முடிவில் ஜேர்மனிக்குத் தப்பிச் சென்று, 1948 இல் தஸ்மேனியாவை வந்தடைந்தார். தொழிற்சாலையொன்றில் கூலி வேலை செய்த பின்னர், அரசின் நீர்மின் ஆணைக்குழுவில் எழுதுவினைஞரானார். விடுமுறை நாட்களில் தனியாகக் காடுகளுக்குள் நடப்பதும், சிறு படகில் ஆறுகளைக் கடப்பதும், கண்டவற்றைப் படமெடுப்பதும் அவரது வழக்கமாயின. எந்த ஆறுகளின் அழகில் அவர் மனதைப் பறிகொடுத்தாரோ, அதே ஆறுகளுக்குக் குறுக்கே அணை கட்டுவதே அவர் சம்பளம் பெற்ற நிறுவனத்தின் பணியாக இருந்தது. இந்த முரண்பாட்டுடனேயே அவர் வாழ நேர்ந்தது.

தீவின் தென்மேற்கில் பெடர் ஏரி என்றோர் அற்புதம் இருந்தது. மலைகளால் சூழப்பட்ட அந்த ஏரியின் கரையில் இளஞ்சிவப்புச் சாயல் கொண்ட படிகக்கல் மணல் பரந்து கிடந்தது. 1955 இல் தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்ட அப்பகுதியை 1967 இல் நீர்மின் திட்டத்திற்காக மூழ்கடிக்க மாநில அரசு தீர்மானித்தது. அதே ஆண்டு பெப்ரவரி மாதம் ஹோபார்ட் நகரைச் சுற்றிப் பரவிய காட்டுத்தீயில் ட்ருஷானாஸின் வீடு எரிந்தது. பல ஆண்டுகளாக அவர் எடுத்துச் சேர்த்திருந்த படங்களும் வீட்டோடு சாம்பலாயின.

வேறொருவராயின் அத்துடன் ஓய்ந்திருப்பார். ட்ருஷானாஸோ மீண்டும் காட்டுக்குள் சென்று, இழந்த படங்களை ஒவ்வொன்றாக மறுபடி எடுக்கத் தொடங்கினார். ஹோபார்ட் நகர மண்டபத்தில் பெடர் ஏரியின் படங்களைத் திரையிட்டபோது மக்கள் திரண்டு வந்தனர். அந்த ஏரியை நேரில் காணாத பலருக்கு, தாம் எதை இழக்கப்போகின்றோம் என்பது அப்போதுதான் புரிந்தது. ஆயினும் அரசு இணங்கவில்லை. எரிந்துபோன கோர்டன் ஆற்றுப் படங்களை மீண்டும் எடுப்பதற்காகச் சென்ற ட்ருஷானாஸ், 1972 ஜனவரியில் அதே ஆற்றில் தவறி விழுந்து மாண்டார். அவ்வாண்டிலேயே பெடர் ஏரியும் நீருக்குள் மறைந்தது.

ஆற்றில் ட்ருஷானாஸின் உடலைத் தேடிக் கண்டெடுத்தவர் பீட்டர் டொம்ப்ரொவ்ஸ்கிஸ். இவரே நம் கதையின் இரண்டாமவர். லத்வியப் பெற்றோருக்கு 1945 இல் ஜேர்மனியில் அகதி முகாமொன்றில் பிறந்தவர். போரின் இறுதியில் தந்தை காணாமற்போனார். 1950 இல் தாயும் மகனும் ஹோபார்ட்டில் குடியேறினர். சிறுவனின் கையில் முதல் கமராவைக் கொடுத்தவர் தாயார்தான். இளைஞனானபோது ட்ருஷானாஸ் அவருக்குத் தந்தையின் இடத்தில் நின்று காட்டையும் ஆற்றையும் அறிமுகம் செய்துவைத்தார்.

டொம்ப்ரொவ்ஸ்கிஸ் பயன்படுத்தியது லின்ஹொப் எனும் கனமான பெரிய கமரா. தனித்தனித் தகடுகளாகப் பிலிம் இட்டுப் படமெடுக்க வேண்டிய கருவி அது. முக்காலி, பிலிம், கூடாரம், பல நாட்களுக்கான உணவு ஆகிய அனைத்தையும் முதுகில் சுமந்து செல்லவேண்டும். நினைத்தவுடன் பத்துப் படங்களைச் சொடுக்கிவிட முடியாது. ஒளி கனியும்வரை, காற்று அடங்கும்வரை காத்திருந்து ஒரு படம் எடுக்கவேண்டும். இந்தக் காத்திருப்பே அவரது கலையை வளர்த்தது எனலாம். மலைச்சிகரங்களை மாத்திரமன்றி, பாறையில் படர்ந்த பாசியையும் கரையொதுங்கிய கடற்பாசியையும் அவர் கூர்ந்து நோக்கினார். தமது படங்களை நாட்காட்டிகளாக அச்சிட்டு வெளியிட்டார். காட்டுக்கே சென்றிராத மக்களின் சமையலறைச் சுவர்களில் அந்தக் காடு தொங்கியது.

பெடருக்குப் பின்னர் அணைகட்டுவோரின் பார்வை கோர்டன் ஆற்றின் கீழ்ப்பகுதியிலும் அதனோடு கலக்கும் பிராங்க்ளின் ஆற்றிலும் விழுந்தது. 1981 டிசம்பரில் நடத்தப்பட்ட மக்கள் வாக்கெடுப்பில் இரு அணைத் திட்டங்களில் ஒன்றைத் தெரிவுசெய்யுமாறு மட்டுமே கேட்கப்பட்டது. அணையே வேண்டாம் என்று சொல்ல இடமளிக்கப்படவில்லை. ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் வாக்குச்சீட்டில் அதனைத் தம் கையாலேயே எழுதிவைத்தனர். 1982 டிசம்பரில் இப்பகுதி உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதே மாதம் தொடங்கிய மறியல் போராட்டத்தில் 1,200 க்கும் மேற்பட்டோர் கைதாயினர்.

1983 மார்ச் 5 ஆம் திகதி பாராளுமன்றத் தேர்தல். அதற்குச் சில நாட்களுக்கு முன்னர் மெல்பேர்ணின் 'தி ஏஜ்', சிட்னியின் 'சிட்னி மோர்னிங் ஹெரால்ட்' ஆகிய நாளேடுகளில் முழுப்பக்க வண்ண விளம்பரம் வெளிவந்தது. பிராங்க்ளின் ஆற்றின் பாறைத் தீவு வளைவில், காலைப் பனிமூட்டத்தினூடே நீர் வழிந்தோடும் டொம்ப்ரொவ்ஸ்கிஸின் படம் அது. இதனை அழிக்கவிருக்கும் கட்சிக்கா உங்கள் வாக்கு என்று வாசகரைக் கேட்டது அவ்விளம்பரம்.

அணையைத் தடுப்பதாக வாக்குறுதியளித்த பொப் ஹோக்கின் தொழிற்கட்சி வென்றது. ஒரு படமே ஆட்சியை மாற்றியது என்று கூறுவது மிகையாகும். அத்தேர்தலில் பொருளாதாரப் பிரச்சினையும் பெரிதாகப் பேசப்பட்டது. தஸ்மேனியாவின் ஐந்து ஆசனங்களில் ஒன்றைத்தானும் தொழிற்கட்சி பெறவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. ஆனால் அந்த ஆற்றை ஒருநாளும் காணப்போகாத பெருநகர வாக்காளர்கள் அதனைத் தம் சொத்தாக உணர்வதற்கு அப்படம் வழிசெய்தது. 1983 ஜூலை 1 ஆம் திகதி உயர் நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் மத்திய அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. அணை கைவிடப்பட்டது.

இங்கு மற்றுமொரு உண்மையையும் மறக்கலாகாது. இத்தகைய படங்களில் மனிதர் தென்படுவதில்லை. அதனால் அவை யாரும் வாழாத நிலங்கள் என்ற மயக்கம் ஏற்படுகின்றது. பிராங்க்ளின் கரையிலுள்ள குட்டிகினா குகையில் ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்னர், பனியுகத்தில், பூர்வகுடி மக்கள் வாழ்ந்ததற்கான சான்றுகள் கிடைத்துள்ளன. நீதிமன்றத்தில் அவ்வாற்றைக் காக்க வாதாடியோருக்கு அக்குகையும் ஒரு வலுவான ஆதாரமாயிற்று.

டொம்ப்ரொவ்ஸ்கிஸ் 1996 இல் தென்மேற்குத் தஸ்மேனியாவின் மலைத்தொடரொன்றில் படமெடுக்கச் சென்றவேளை மாரடைப்பினால் காலமானார். ஆசானைப் போலவே மாணவரும் தாம் நேசித்த நிலத்திலேயே விழிமூடினார். பிராங்க்ளின் இன்றும் தடையின்றி ஓடுகின்றது. பழைய பெடர் ஏரியோ இன்னமும் நீருக்கடியில் கிடக்கின்றது. அணைநீரை வடித்து அதனை மீட்கவேண்டும் என்று வாதிடுவோர் இப்போதும் உள்ளனர். எதை மீட்கக் கேட்கின்றார்கள் என்று வினவும் இளந்தலைமுறைக்கு அவர்கள் எடுத்துக்காட்டுவது, தீயில் எரிந்தபின் மறுபடியும் எடுக்கப்பட்ட அந்தப் படங்களைத்தான்.