தாயின் மரணமும் சாது சுந்தர்சிங்கின் விசுவாசமும்

1918இல் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பிரசங்கித்த சாது சுந்தர்சிங், அதே ஆண்டில் பர்மாவுக்கும் வந்து, பின்னர் மலாயா, ஜப்பான், சீனா எனப் பயணத்தைத் தொடர்ந்தார். காவி அங்கி, தலைப்பாகை, முப்பதைத் தொடாத வயது. அவர் கண்ட தரிசனங்களையும் திபெத்தில் பட்ட பாடுகளையும் நம் சபைகளில் நிறையப் பேசுகிறோம். அவருடைய விசுவாசத்துக்குப் பின்னால் ஒரு தாயின் மரணம் இருக்கிறது என்பதை அந்த அளவுக்குப் பேசுவதில்லை.

பஞ்சாபின் ராம்பூரில், வசதியான சீக்கியக் குடும்பத்தில், 1889 செப்டம்பர் 3இல் பிறந்தவர் அவர். தாய் பெரும் பக்திமான். மகனைச் சாதுக்களிடம் அழைத்துப் போவார். நீயும் உலகப்பற்றை விட்டுச் சாதுவாக வேண்டும் என்பார். ஏழு வயதிலேயே பையனுக்குக் கீதை மனப்பாடம். அந்தத் தாய் அவருடைய பதினான்காம் வயதில் இறந்தார்.

ஆறுதல் உடனே வந்துவிடவில்லை. தம் சாட்சியைச் சொல்லும்போது நம்மில் பலர் இந்த இடத்தை அவசரமாகத் தாண்டிவிடுகிறோம்: அம்மா போனார், ஆண்டவர் தேற்றினார் என்று இரண்டே வாக்கியம். சுந்தருக்கோ துயரம் கோபமாக முற்றியது. மிஷன் பள்ளியில் வேதபாடத்தை எதிர்த்தார். 1904 டிசம்பரில் சுவிசேஷப் புத்தகத்தைத் தீயிலிட்டார். அப்போதும் மனம் அமைதி அடையவில்லை. டிசம்பர் 18 விடியுமுன் எழுந்து குளித்து, கடவுள் இருந்தால் வழிகாட்டட்டும், இல்லாவிட்டால் ரயில் முன் விழுந்து சாவேன் என்று ஜெபித்தார். அந்த வேளையில் தம்முன் தோன்றியவர் கிறிஸ்துவே என்று கடைசிவரை சாட்சி சொன்னார். வீட்டார் வெளியேற்றினார்கள். 1905இல், தம் பிறந்தநாளன்று, சிம்லாவில் ஞானஸ்நானம் பெற்றார்.

ஞானஸ்நானத்துக்குப் பின் அவர் உடுத்தியது காவி. கிறிஸ்தவனாக்கியவர் பரிசுத்த ஆவியானவர், சாதுவாக்கியவள் தன் தாய் என்று சொல்லிக்கொள்வார். ஞானஸ்நானம் பெறாமல் இறந்த அந்தத் தாய் மகனுடைய ஊழியம் முழுவதிலும் உடனிருந்தார். பாளையங்கோட்டைத் தமிழரும் பின்னாளில் கோயம்புத்தூர்ப் பேராயருமான ஏ.ஜே. அப்பாசாமி, ஆக்ஸ்போர்டின் ஸ்ட்ரீட்டரோடு சேர்ந்து 1921இல் சாதுவைப் பற்றி வெளியிட்ட ஆங்கில நூலில், தாய் மீது அவர் வைத்திருந்த அன்பு பதிவாகியுள்ளது. பரலோகத்தில் தாயைக் காணாவிட்டால், அவளோடு இருக்கும்படி என்னை நரகத்துக்கு அனுப்பும் என்று கடவுளிடம் கேட்பேன் என்றாராம். இறையியலாளர் இதற்கு என்ன பதில் சொன்னாலும் சரி, இழவு வீட்டில் இருப்பவருக்கு இதைவிட உண்மையான பேச்சு எனக்குத் தெரியவில்லை.

ஏற்கெனவே விசுவாசத்தில் வேரூன்றியவருக்கும் ஆறுதல் எளிதில் கிட்டியதில்லை. பர்மாவுக்கு வேதாகமத்தைத் தந்த மிஷனரி ஜட்சன், 1826இல் கியாய்க்காமியில் மனைவியை இழந்தார். அமெரிக்காவில் தந்தை இறந்ததும் அதே ஆண்டில்தான். அடுத்த ஆண்டு கைக்குழந்தையும் போனது. காட்டில் குடிசை போட்டுத் தனித்திருந்து, கடவுளை நம்புகிறேன், காண முடியவில்லை என்ற பொருள்பட எழுதினார். அதற்குப் பின்னும் அவரே 1834இல் பர்மிய வேதாகமத்தை மொழிபெயர்த்து முடித்தார். லாசருவை எழுப்பப் போகிறோம் என்று அறிந்திருந்தும் இயேசு அழுதார் என்பதை இங்கே நினைக்க வேண்டும்.

யாங்கோனுக்கு அக்கரையில் உள்ள த்வாண்டே மக்களுக்கு இது தூரத்துக் கதை அல்ல. முற்றிய நோயில் கிடக்கும் பெற்றோரை டலா வழியாக ஆற்றைக் கடத்தி யாங்கோன் மருத்துவமனைக்குக் கொண்டுபோய், அங்கே இரவெல்லாம் விழித்திருந்து ஜெபத்தைக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. பர்மாத் தமிழரிடையே ஒரே குடும்பத்தில் சைவரும் கிறிஸ்தவரும் பௌத்தரும் இருப்பது வழக்கம். தந்தை திருநீறோடு கண்மூடுவார். புதிதாக விசுவாசத்துக்கு வந்த மூத்த மகனைப் பார்த்து, கொள்ளி வைப்பாயா என்று பங்காளிகள் கேட்பார்கள். அந்த நேரத்தில் அவனுக்கு வேண்டியது தீர்ப்பு அல்ல, துணை.

சபை மூப்பர்களிடம் ஒன்று கேட்கிறேன். அப்படிப்பட்ட வீட்டுக்குப் போகும்போது இறந்தவரின் ஆத்துமா எங்கே என்று விவாதிக்காதீர்கள். அந்தத் தாயும் தகப்பனும் பிள்ளைக்கு ஊட்டிய பக்தியை, நேர்மையை, உழைப்பை அவன் வாயாலேயே சொல்லச் சொல்லிக் கேளுங்கள். ஜெபிக்கும்போது அவற்றுக்காகவும் பெயர் சொல்லி நன்றி செலுத்துங்கள்.