தெருக்குழாயும் தில்லிச் சபையும்

நுங்கம்பாக்கத்தில் ‘லேக் ஏரியா’ என்றும் ‘டேங்க் பண்டு ரோடு’ என்றும் இன்றளவும் வழங்கிவரும் பெயர்களைக் கேட்டு, ஏரி எங்கே, அதன் கரை எங்கே என்று தேடப் புகும் வெளியூர்க்காரருக்கு வீடுகளும் கடைகளும் தவிர வேறொன்றும் தென்படப்போவதில்லை. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைத் திசையில் நெடுந்தூரம் நீண்டு கிடந்த மாம்பலம் ஏரியை, ஜனத்தொகை பெருகிவந்ததை முன்னிட்டு 1920களில் தூர்த்து, மனைகளாகப் பிரித்து, ஜஸ்டிஸ் கட்சித் தலைவர் பிட்டி தியாகராய செட்டியாரின் பெயரைச் சூட்டி உண்டாக்கிய பேட்டையே தியாகராய நகர். ஏரியைத் தெருவாக்கிய நகரம், இருபதாண்டுகள் கழிவதற்குள் குடிநீருக்காகச் சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் புதியதோர் ஏரியை வெட்டிக்கொள்ள நேர்ந்தது. அந்த ஏரிக்காகப் பிடிவாதமாக நின்றவரோ, தில்லியிலிருந்த மத்திய சட்டசபைக்கு இந்நகரம் தேர்ந்தெடுத்து அனுப்பிய பிரதிநிதி. தெருக்குழாயில் தண்ணீர் வரச் செய்வதும் தேசத்தின் சபையில் வாதாடுவதும் ஒருவரிடமே கூடியிருந்த அந்தச் சொற்ப காலத்தையும், பின்னர் அவ்விரண்டும் பிரிந்துபோன விதத்தையும் நினைவூட்டிக்கொண்டால், தென் சென்னைவாசி தம் நாடாளுமன்ற உறுப்பினரிடம் இன்று எதை எதிர்பார்க்கிறார், எதனால் ஏமாற்றமடைகிறார் என்பது ஓரளவு விளங்கும்.

பிரதிநிதித்துவம் என்னும் எண்ணம் இந்தப் பகுதிக்குப் புதியதன்று. 1884 டிசம்பரில் அடையாற்றில் பிரம்மஞான சங்கத்தின் மாநாடு முடிந்த பிறகு, மயிலாப்பூரில் திவான் பகதூர் ரகுநாத ராவின் இல்லத்தில் பதினேழு பேர் கூடித் தேசத்துக்கு ஓர் அரசியல் ஸ்தாபனம் வேண்டுமென்று ஆலோசித்ததாகவும், மறுவருஷம் பம்பாயில் பிறந்த காங்கிரஸுக்கு அதுவே வித்தாக அமைந்ததாகவும் அன்னி பெசன்ட் அம்மையார் எழுதிவைத்திருக்கிறார். ஆனால், மயிலாப்பூர் வக்கீல்கள் கோலோச்சிய அந்த யுகத்தில் பிரதிநிதி என்பவர் ஜனங்களின் வாக்கினால் வந்தவர் அல்லர். சர்க்காரிடம் பிழையற்ற ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர், அவ்வளவே. தெருவிலிருந்தவருக்கு அந்த விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததா என்றும் தெரியாது. அதில் தம் குறை இருந்ததா என்றும் தெரியாது.

இந்நிலை மாறத் தொடங்கியதற்கு அடையாளமாக 1934-ஆம் ஆண்டுத் தேர்தலைச் சொல்லலாம். மத்திய சட்டசபையில் சென்னை நகரத்துக்கு உரிய ஸ்தானத்துக்கு, ஜஸ்டிஸ் கட்சியின் பெரும் பேச்சாளரும் பிற்காலத்தில் ஐக்கிய நாடுகளின் பொருளாதார, சமூக மன்றத்துக்கு முதல் தலைவராக விளங்கியவருமான சர் ஏ. ராமஸ்வாமி முதலியாரை எதிர்த்து, புதுக்கோட்டைச் சமஸ்தானத்துத் திருமயத்தில் 1887-இல் பிறந்த வக்கீல் எஸ். சத்தியமூர்த்தி நின்று வென்றார். சொத்தும் வரியும் உடையவர்களுக்கே வாக்குரிமை இருந்த காலமாயினும், வாக்குவன்மை மிக்க இருவர் நேருக்கு நேர் மோதிய அந்தத் தேர்தல், வாக்கில்லாதவர்களையும் கடற்கரைக் கூட்டங்களுக்கு இழுத்துவரத் தக்கதாயிருந்தது.

அவர் சென்று அமர்ந்த சபையின் அதிகாரமோ மிக அற்பம். அங்கத்தினர்கள் பெரும்பான்மையாக வாக்களித்து அரசாங்கத்தைத் தோற்கடித்தாலும் அரசாங்கம் வீழாது. நிதி மசோதாவை அவர்கள் நிராகரித்தாலும் வைஸ்ராய் தம் அத்தாட்சியைக் கொடுத்து அதைச் சட்டமாக்கிவிடுவார். கவிழ்க்க முடியாத அரசாங்கத்தைக் கூச வைக்க எஞ்சியிருந்த ஒரே கருவி கேள்வி. அதிகாரி எழுதிக்கொடுத்த விடையைச் சர்க்கார் தரப்பு அங்கத்தினர் படித்து முடித்ததும், அந்த விடையிலேயே ஒரு சந்தைக் கண்டு, அதற்குள் துணைக் கேள்வியை நுழைத்து, மறுமொழி வந்ததும் இன்னொன்றைத் தொடுத்து, எழுதிவைத்த காகிதம் தீர்ந்துபோகும்வரை விடாது பற்றும் வித்தையில் சத்தியமூர்த்தி தேர்ந்தவர். காங்கிரஸ் கட்சியின் உபதலைவராகச் சபையில் அவர் பெயர் பெற்றதும், ‘தீரர்’ என்ற அடைமொழி அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டதும் இந்த நாவன்மையினால்தான்.

1939-இல் யுத்தம் மூண்டது. காங்கிரஸ் அங்கத்தினர்கள் மத்திய சட்டசபையின் அமர்வுகளிலிருந்து ஒதுங்கினார்கள். மாகாண மந்திரி சபையும் ராஜிநாமா செய்தது. அந்தச் சமயத்தில் சென்னையின் மேயரானார் சத்தியமூர்த்தி. நகரமோ தண்ணீருக்குத் தவித்துக்கொண்டிருந்தது; செங்குன்றம் ஏரியை நம்பி முந்தைய நூற்றாண்டில் அமைத்த ஏற்பாடு, பெருகிய ஜனங்களுக்குப் போதவில்லை. கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே பூண்டியில் அணை கட்டி நீரைத் தேக்கவேண்டும் என்ற திட்டத்தை, யுத்தகாலச் செலவுகளைக் காட்டி ஒத்திப்போடுவதற்கு எத்தனையோ நியாயங்கள் இருந்தும், கவர்னர் ஆட்சி நடத்திய அதிகாரிகளிடம் வாதாடி இசைவு பெற்று, 1940-இல் அஸ்திவாரக் கல் நாட்டச் செய்தார். விடை கிடைக்கும்வரை கேள்வியை விடாத பழக்கம், தில்லியில் ஓர் அதிகாரியை நாணச் செய்ததைவிட இங்கே அதிகப் பயனளித்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. சுமார் 65 லட்சம் ரூபாய்ச் செலவில் அந்த நீர்த்தேக்கம் 1944-இல் நிறைவேறியது. ஆனால், 1942-ஆம் ஆண்டுப் போராட்டத்தில் சிறைசென்று, அமராவதிச் சிறைவாசத்தில் உடல் நலிந்து, 1943 மார்ச் 28-இல் காலமாகிவிட்ட சத்தியமூர்த்தி அதைக் காணவில்லை. ‘சத்தியமூர்த்தி சாகரம்’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

சுதந்திரம் வந்தது, அரசியல் சாசனம் எழுதப்பட்டது. அதன் வரைவுக் குழுவில் மயிலாப்பூரின் அல்லாடி கிருஷ்ணஸ்வாமி ஐயரும், பின்னாளில் இந்தப் பகுதியின் மக்களவை உறுப்பினரான டி. டி. கிருஷ்ணமாச்சாரியும் இருந்தார்கள். ரயில், தபால், தந்தி, ராணுவம், நாணயம் ஆகியவை மத்திய அரசுக்கு என்றும், தண்ணீர், நகராட்சி, சுகாதாரம் ஆகியவை மாநிலத்துக்கு என்றும் பட்டியல்கள் பிரிந்தன. சாசனத்தின் நோக்கில் அது சரியான பாகப்பிரிவினையே. ஆயினும், இனித் தென் சென்னையிலிருந்து தில்லிக்குப் போகும் உறுப்பினரின் கைக்குக் குழாய் எட்டாது என்பதும் அன்றே முடிவாகிவிட்டது.

டி.டி.கே. 1952-இல் சென்னைத் தொகுதியிலிருந்தும், 1957-இல் தென் சென்னையிலிருந்தும் மக்களவைக்குச் சென்றார். அவர் நிதி மந்திரியாக இருந்த காலத்தில், 1957 ஏப்ரல் முதல் தேதி, பதினாறு அணாக் கொண்ட ரூபாய் நூறு நயா பைசாவாக மாறிற்று. தண்ணீர்த்துறை மார்க்கெட்டில் கத்தரிக்காய் விற்ற கிழவிக்குத் தன் எம்.பி. தில்லியில் செய்த காரியம் உள்ளங்கையிலேயே தெரிந்த தருணம் அது, அவள் அதை வாழ்த்தினாளா வைதாளா என்பது வேறு விஷயம். அதே ஆண்டு இறுதியில், ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பொரேஷனின் பணம் முந்த்ரா என்ற வியாபாரியின் கம்பெனிகளில் முடங்கியதைப் பற்றி பெரோஸ் காந்தி மக்களவையில் தொடுத்த கேள்விகள் நீதிபதி சாக்ளாவின் விசாரணையில் போய் முடிந்து, 1958 பிப்ரவரியில் டி.டி.கே.யைப் பதவி விலகச் செய்தன. இருபதாண்டுகளுக்கு முன்பு சென்னையின் பிரதிநிதி அந்நிய அரசின்மேல் பிரயோகித்த அதே ஆயுதம், சுதந்திர இந்தியாவில் சென்னையின் பிரதிநிதியையே வீழ்த்திற்று. முன்பு விடையளிப்பவரைக் கூச மட்டும் வைத்த கேள்வி, இப்போது அவரைப் பதவியிலிருந்தே இறக்கியது. சபைக்கு உண்மையான அதிகாரம் வந்துவிட்டதற்கு இதைவிட நல்ல சாட்சியம் வேண்டியதில்லை.

1962-இல் நாஞ்சில் கி. மனோகரன் வென்று தி.மு.க.வுக்கு இத்தொகுதியைச் சேர்த்தார். 1967-இல் நடந்தது இன்னும் விசித்திரம். சட்டசபைக்கு நில்லாமல் தென் சென்னையில் மக்களவைக்கு நின்று வென்ற அண்ணா, கட்சிக்கு மாநிலத்தில் கிடைத்த பெருவெற்றியினால் மார்ச் 6-ஆம் தேதி முதலமைச்சராகி, மேலவை உறுப்பினராக அமர்ந்து, மக்களவை ஸ்தானத்தைத் துறந்தார். ரூபாய்க்கு ஒரு படி அரிசி வழங்கும் திட்டத்தைச் சென்னையிலும் கோவையிலும் அதே ஆண்டு அவர் தொடங்கியது கோட்டையிலிருந்துகொண்டே. தில்லிக்குச் சென்றிருந்தால் படியை அளந்திருக்க முடியாது. அவர் விட்ட இடத்துக்கு இடைத்தேர்தலில் வந்தவர் முரசொலி மாறன். 1977-இலும் 1980-இலும் வென்ற ஆர். வெங்கட்ராமன் நிதி மந்திரியாகவும் பாதுகாப்பு மந்திரியாகவும் இருந்து, பின்னர் குடியரசுத் தலைவரானார். 1984-இலும் 1989-இலும் வைஜயந்திமாலா பாலி, 1996 முதல் நான்கு தேர்தல்களில் டி. ஆர். பாலு, 2019 முதல் கவிஞர் தமிழச்சி தங்கபாண்டியன் எனப் பின்னும் பெயர் பெற்றவர்களே பெரும்பாலும் வந்தார்கள். ஒரே தொகுதி இரண்டு நிதி மந்திரிகளைத் தந்தும், தெருக்கோடி அடிபம்பு அடிக்கடி காற்றைத்தான் இறைத்தது.

இதற்கிடையே நகரத்தின் உள்ளாட்சியில் நேர்ந்ததைச் சொல்லாமல் இந்தச் சரித்திரம் பூர்த்தியாகாது. 1973-இல் கலைக்கப்பட்ட சென்னை மாநகராட்சி மன்றத்துக்கு 1996 வரை தேர்தலே நடைபெறவில்லை. இருபத்துமூன்று ஆண்டுகள் கவுன்சிலர் என்று ஒருவர் இல்லாத தெருவில் சாக்கடை அடைத்தால் ஜனங்கள் எங்கே போவார்கள்? எம்.எல்.ஏ. வீட்டுக்குப் போனார்கள், அவர் அகப்படாவிட்டால் எம்.பி.யைத் தேடினார்கள். எம்.பி.யிடம் இருந்ததோ சாக்கடைக்கு உதவாத வேறு சரக்கு. வருஷக்கணக்கில் காத்திருந்தவருக்கு டெலிபோன் இணைப்பு, காஸ் இணைப்பு, கேந்திரிய வித்யாலயத்தில் பிள்ளைக்கு ஓர் இடம், கடைசி நேரப் பிரயாணிக்கு ரயிலில் அவசர கோட்டாவுக்கு ஒரு கடிதம் ஆகியவையே அவர் வழங்கக்கூடிய வரங்கள். அரசியல் சாசனத்தின் மத்தியப் பட்டியல், சாமானியருக்கு ‘எம்.பி. கோட்டா’ என்னும் உருவத்தில்தான் தரிசனம் தந்தது. டெலிபோனும் காஸும் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியதும் அந்தக் கோட்டாக்கள் மதிப்பிழந்தன. பள்ளிக் கோட்டாவும் 2022-இல் எடுக்கப்பட்டுவிட்டது.

தில்லிக்கும் தெருவுக்கும் இடையே அறுந்த இழையைச் சற்றே முடிந்து வைத்தது, 1993 டிசம்பரில் பிரதமர் நரசிம்ம ராவ் அறிவித்த தொகுதி மேம்பாட்டு நிதி. முதல் ஆண்டில் 5 லட்சம், மறு ஆண்டில் 1 கோடி, 1998 முதல் 2 கோடி, 2011 முதல் 5 கோடி ரூபாய் என ஏறிவந்த இந்தத் தொகையை உறுப்பினர் கையால் தொடுவதில்லை. இன்ன வேலை வேண்டும் என்று அவர் பரிந்துரைக்க, மாவட்ட நிர்வாகம் நிறைவேற்றும். பஸ் நிறுத்தத்து நிழற்குடை, பள்ளிக்கூடத்து வகுப்பறை, ரேஷன் கடைக் கட்டடம், உயர்கோபுர விளக்கு என்று ஊரெங்கும் பெயர்ப்பலகையோடு நிற்பவை இதன் பலன்களே. சட்டம் செய்யப் போனவர் கட்டட வேலைக்குப் பரிந்துரைப்பது முறையா என்று சிலர் ஆட்சேபித்தனர். உச்ச நீதிமன்றம் 2010-இல் இத்திட்டம் சாசனத்துக்கு முரணானதன்று என்று தீர்ப்பளித்தது. எனினும், ஆறு சட்டமன்றத் தொகுதிகளை அடக்கிய மக்களவைத் தொகுதிக்கு ஐந்து கோடி என்பது, கடலுக்கு வண்டியில் கொண்டுபோன மணல்தான்.

இவ்வளவையும் பார்த்த பிறகு, மனு எழுதும் வேளச்சேரிவாசியையோ மயிலாப்பூர்வாசியையோ, இது எம்.பி.யின் அதிகாரத்துக்கு உட்பட்டதன்று என்று திருப்பி அனுப்புவது சுலபம். ஆனால், தண்ணீர் அந்தப் பட்டியல்களைப் படித்து ஓடுவதில்லை. கிருஷ்ணா நதியின் நீரைச் சென்னைக்குத் தருவதென்று மகாராஷ்டிரமும் கர்நாடகமும் ஆந்திரமும் 1976-இல் இசைந்ததும், 1983-இல் எம்.ஜி.ஆரும் என்.டி. ராமராவும் ஒப்பந்தம் செய்ததும் மாநிலங்களுக்கு இடையே நடந்த காரியங்கள். 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்ததோ மத்திய அரசின் ரயில். தில்லிக்கும் குழாய்க்கும் சம்பந்தமில்லை என்று எழுதியிருப்பது காகிதத்தில் மட்டுமே. அதை உணர்ந்தோ உணராமலோதான் மக்கள் மனுவோடு வருகிறார்கள்.

நல்லமலைக் காட்டைக் கடந்து, ஆந்திரத்தின் நெடுங்கால்வாய் வழியே, கிருஷ்ணா நீர் தமிழ்நாட்டு எல்லையைத் தொட்டது 1996-ஆம் ஆண்டு; மாநகராட்சி மன்றத்துக்கு மறுபடியும் தேர்தல் நடந்ததும் அதே ஆண்டு. அந்நீர் எல்லை தாண்டியதும் வந்து விழுந்த இடம் பூண்டி, சத்தியமூர்த்தி சாகரம்.