ஸ்பிளெண்டரிலிருந்து 350 சிசிக்கு மாறுறீங்களா? முதல் ரைடுக்கு முன்னாடி இதைப் படிங்க!

வருஷக்கணக்கா 100 சிசி பைக் ஓட்டின கைக்கு, 350 சிசி சாவியைப் பார்த்ததும் துறுதுறுனு இருக்கும். பலரும் பயப்படுவது வேகத்துக்குத்தான். ஆனால், முதலில் காலை வாருவது எடை!

எடை: ஸ்பிளெண்டர் பிளஸ் 112 கிலோ, ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350, 195 கிலோ. யூ-டர்னில் ஹேண்டில்பார் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைப் பிடித்தால், வண்டி அப்படியே சாயும். ஹாஃப் கிளட்ச், லேசா பின் பிரேக் போதும். கண், திரும்பவேண்டிய பக்கம் இருக்கணும். ரொம்பச் சாய்ஞ்சுட்டா, காலைக் கொடுத்துத் தாங்காதீங்க, விட்டுடுங்க. டேங்க்கில் விழுற டென்ட்டைச் சரிபண்ணிடலாம்!

கியர்: ஸ்பிளெண்டரில் முன்பக்கம் மிதிக்க மிதிக்க கியர் ஏறும். கிளாசிக்கில் முதல் கியருக்கு மட்டுமே மிதிக்கணும். மற்ற நான்குக்கும் மேலே தூக்கணும். பழக்கதோஷத்தில் வேகமாகப் போகும்போது மிதித்தால், கியர் இறங்கி, பின் வீல் வழுக்கலாம்.

ஆக்ஸிலரேட்டர்: டார்க் மூன்று மடங்குக்கும் மேல் அதிகம். முழங்காலால் டேங்க்கைக் கவ்விப் பிடிங்க. ஹேண்டில்பாரில் தொங்கினால், வண்டி குதிக்கும்போது கை தன்னால் முறுக்கிடும்.

பிரேக்: வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். ஏபிஎஸ் வீல் லாக் ஆகாமல் பார்த்துக்கும். இந்தக் கணக்கை மாற்றாது.

அதனால முதல் வாரம் காலி மைதானத்தில், 30 கி.மீ வேகத்தில் பழகுங்க. ஹைவேயும், பின்சீட்டில் ஃப்ரெண்டும் அப்புறம்தான்!